சத்தமில்லாத படமும் ரங்கநாயகியின் முறுக்கும்

ரங்கநாயகி முறுக்கு அச்சை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே பிடித்திருந்த வேளையில், மேலூர்ச் சாலையின் திருப்பத்தில் அவள் கணவர் பிச்சையின் குரல் கேட்டது.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! திருவரங்கம் கமலவல்லி தியேட்டரில் வெற்றிகரமான நான்காவது வாரம்! ஒரு வசனம் கிடையாது, ஒரு பாட்டு கிடையாது! ஆனா ஊரே சிரிக்குது, ஊரே அழுவுது! 'இலை போட்டாச்சு'! காணத் தவறாதீர்கள்! கொறிக்க வேண்டாம் தீனி, கண்ணுக்கே விருந்து இனி!"

அந்தக் கடைசி அடி காதில் விழுந்ததும் அவள் கை தானாகவே அழுந்திற்று. அச்சிலிருந்த மாவு முழுவதும் ஒரே இடத்தில் இறங்கிக் கயிற்றுப் பந்துபோலச் சுருண்டுகொண்டது. அதைக் கம்பியால் குத்தி எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, அடுப்பைச் சிறியதாக்கினாள். ஆவணி மாதத்துப் புழுக்கம் தியேட்டர் கேன்டீனின் தகரக் கூரையின் கீழ் கனத்துக் கிடந்தது. முறுக்கு டின்கள் மூன்றும் நிறைந்து, வாங்குவாரின்றி வரிசையாக நின்றன.

விஷயம் இதுதான். கமலவல்லி தியேட்டரில் கேன்டீன் நடத்துகிறவள் ரங்கநாயகி. அதே தியேட்டருக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்லுகிறவர் பிச்சை. படம் ஓடினால் இருவருக்கும் பிழைப்பு. இதுநாள்வரை அப்படித்தான் நடந்து வந்தது. சண்டைப் படம், பேய்ப் படம், சாமி படம் எதுவானாலும் பிச்சை வெளியே கத்துவார். ஜனங்கள் உள்ளே வருவார்கள். இடைவேளையில் ரங்கநாயகியின் முறுக்கைக் கடித்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்ப்பார்கள்.

இந்தப் படம் வந்துதான் எல்லாவற்றையும் தலைகீழாக்கிற்று. ஒரு கல்யாண வீட்டின் ஒரே நாளில் நடக்கிற கதை. பாத்திரங்கள் வாயைத் திறப்பதில்லை. பின்னணி இசை மட்டும் உண்டு. அதுவும் நெஞ்சைப் பிடிக்கிற இடங்களில் நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எவராவது ஒரு முறுக்கைக் கடித்தால், அரங்கமே திரும்பிப் பார்க்கும். முதல் வாரத்தில் இரண்டு பேர் முறைத்தார்கள். இரண்டாம் வாரத்தில் ஒருவர் எழுந்துபோய் முதலாளி ரெங்கராஜிடம் முறையிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பிச்சைக்கு அந்த எதுகை வாய்த்தது.

அவருக்கு எதுகையென்றால் உயிர். பதிவு செய்த குரலைப் போட்டுவிட்டு ஆட்டோவில் தூங்கிக்கொண்டு போகும் இந்தக் காலத்து விளம்பரக்காரர்களை அவர் ஆளாகவே மதிப்பதில்லை. 'தீனி, இனி' என்று சேர்ந்ததும், அதன் பொருள் எங்கே போய் இடிக்கும் என்பதை யோசியாமல், சத்திரம் பேருந்து நிலையம் தொடங்கி அம்மா மண்டபம் வரையில் முழங்கிவிட்டார். ரெங்கராஜ் அதைக் கேட்டு மகிழ்ந்து, அதே வரியைப் பலகையில் எழுதி அரங்கின் வாயிலில் மாட்டியும்விட்டார்.

அன்றிலிருந்து ரங்கநாயகி தன் கணவருடன் பேசுவதில்லை.

பேசாவிட்டாலும் குடும்பம் நடக்க வேண்டுமல்லவா? அதற்குக் கல்லூரியில் படிக்கும் மகள் பானுப்ரியா இருந்தாள்.

"பானு, கொழம்புல உப்பு பத்தலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, உப்பு பத்தலயாம்."

"கண்ணுக்கே விருந்தாச்சே, கண்ணால பாத்துட்டு எந்திரிக்கச் சொல்லு."

"அப்பா, கண்ணால பாத்துட்டு..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று பிச்சை தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். "ஒரு எதுகைக்குப் போயி இம்புட்டுக் கோவமா? மருங்காபுரியில எங்க அப்பாரு பேச்சுக்குப் பேச்சு எதுகை போடுவாரு. எங்காத்தா ஒருநாளாச்சும் மூஞ்சியத் திருப்பியிருக்குமா?"

"எங்க மாமனாரு யாரு பொழப்பையும் கெடுக்கலன்னு சொல்லுடி."

"ஐயோ, எனக்குப் பரீட்சை இருக்கு!" என்று பானு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை ரெங்கராஜ் கேன்டீனுக்கு வந்தார். நல்ல மனிதர்தாம்; கடிந்து பேசத் தெரியாதவர். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தே பேசினார்.

"ரங்கநாயகி, படம் இன்னும் ஓடும்போல இருக்கும்மா. அஞ்சாவது வாரமும் போடலாம்னு இருக்கேன். தில்லைநகர்ல ஒரு பேக்கரிக்காரர் கேக்குறார். கேக்கு, பன்னு, எல்லாம் மெத்து மெத்துன்னு. கடிச்சா சத்தமே வராது."

"நானும் கேசரி கிண்டிப் பாத்தேனுங்களே" என்றாள் ரங்கநாயகி.

"அந்தக் கேசரிதான் இன்னமும் சீட்டுல ஒட்டியிருக்கு. மார்ட்டின் சுரண்டிக்கிட்டிருக்கான்."

"அப்ப நான் என்னங்க செய்யறது?"

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லும்மா. எனக்கும் வேற வழி தெரியல" என்று சொல்லிவிட்டு, எதிரே நிற்க மாட்டாமல் போய்விட்டார்.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. மதியக் காட்சி தொடங்கிக் கேன்டீன் வெறிச்சென்று கிடந்தது. படம் ஓட்டும் மார்ட்டின் தேநீர் வாங்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, நாலு வாரமா இந்தப் படத்தைத் திட்டுறீங்களே, ஒருதரமாச்சும் பாத்திருக்கீங்களா?"

"அடுப்பை யாருப்பா பாக்குறது?"

"அடுப்பு எங்கயும் ஓடிடாது. உள்ள போயி உக்காருங்க. பாத்துட்டு வந்து நல்லா வெவரமாத் திட்டுங்க."

அந்தப் பேச்சு நியாயமாகப் பட்டது. மடியில் இரண்டு முறுக்கை முடிந்துகொண்டு, கடைசி வரிசையில் போய் அமர்ந்தாள். பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். முன்வரிசையில் கிழக்குச் சித்திரை வீதி வைதேஹி மாமியும் கோபு மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இந்தப் படத்துக்கு மூன்றாம் முறையாக வருகிறவர்கள்.

முதலில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் பார்த்தாள். பந்தற்காலில் கட்டிய வாழை சாய்ந்து நாதஸ்வரக்காரர் தலையில் விழுந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணின் தாயார் சமையற்கட்டில் தனியே நின்று மூக்கைச் சிந்திய இடத்தில் இவளும் சிந்தினாள். வசனம் இல்லையென்பதே மறந்துபோயிற்று.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. பெண்வீட்டார் தட்டுத் தட்டாகச் சீர்முறுக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பிள்ளையின் அத்தை, கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் குற்றம் சொன்ன மூதாட்டி, ஒரு முறுக்கைக் கையில் எடுக்கிறாள். இசை நின்றது. பெண்ணின் தாயார் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அத்தை முறுக்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

'நடுச்சுற்று வேகவில்லை' என்று ரங்கநாயகியின் மனம் சொல்லிற்று. 'எண்ணெய் காயுமுன் போட்டுவிட்டார்கள். இதைக் கடித்தால் நறுக்கென்று வராது.' தன்னை மறந்து மடியிலிருந்த முறுக்கை எடுத்தாள். அத்தை வாயருகே கொண்டுபோனாள், இவளும் கொண்டுபோனாள். அத்தை கடித்தாள்.

கடக்!

அரங்கம் முழுவதும் அந்த ஓசை தெறித்தது. திரையில் அத்தையின் வாய் மூடிய அதே கணம்; இம்மி பிசகவில்லை. மறுகணம் சிரிப்பு வெடித்தது. கைதட்டல், சீழ்க்கை.

"யாருப்பா அது சவுண்டு குடுத்தது?"

"கெழவி நெசமாவே கடிச்சிருச்சுய்யா!"

திரையில் அத்தையின் கண் கலங்கிற்று, முறுக்கு பிடித்துவிட்டது. பந்தி முழுவதும் ஆளுக்கொன்றாக எடுத்தது. அரங்கத்திலிருந்து ஒரு குரல் கெஞ்சிற்று: "இன்னொருதரம் கடிங்க, ப்ளீஸ்!"

ரங்கநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். முதலாளி போட்ட பலகைக்கு எதிராகத் தானே முறுக்கைக் கடித்துவிட்டோமே என்று அடுப்படியில் போய் ஒதுங்கினாள். அடுத்த நிமிஷமே இடைவேளை மணி அடித்தது. கதவு திறந்து, கூட்டம் நேரே கேன்டீனுக்கு வந்தது.

"அக்கா, அந்த முறுக்கு எங்க?"

"எனக்கு ரெண்டு."

"நாளைக்கு எங்க ஆபீஸ் ஆளுங்களோட வரேன், நாளைக்கும் கடிப்பீங்களா?"

வைதேஹி மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "நீதானேடீ கடிச்சே? நேக்குத் தெரியும். பாவாடை கட்டின நாள்லேர்ந்து முறுக்குச் சத்தம் கேட்டவளாக்கும் நான். ஆனா படத்துல வர்றது கைமுறுக்கு. உன்னோடது அச்சு முறுக்கு. இருந்தாலும் சத்தம் என்னமாப் பொருந்தித்து!"

"மன்னிச்சுக்குங்க மாமி, தெரியாம..."

"என்னத்துக்கு மன்னிக்கணும்? எங்காத்து மாமாவுக்குக் காது மந்தம். சினிமாவுக்குப் போனா, 'என்னடீ சொன்னான், என்னடீ சொன்னான்'னு பிராணனை வாங்குவார். இந்தப் படத்துல யாரும் ஒண்ணுமே சொல்லலை. அவருக்கும் சந்தோஷம், நேக்கும் நிம்மதி. அதான் மூணுதரம் வந்தாச்சு. இன்னிக்கு நீ கடிச்சதும் எல்லாரும் சிரிச்சாளோன்னோ, 'என்னடீ ஆச்சு'ன்னு மறுபடி ஆரம்பிச்சுட்டார்!"

கோபு மாமா பக்கத்தில் நின்று, எதற்கென்று தெரியாமல், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரெங்கராஜ் வந்தபோது டின்களில் ஒன்று காலியாகியிருந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

"கூத்தா இருக்கே! போர்டை மாட்டினவன் நான். இப்ப என்னத்தைச் சொல்றது? சரி, ஞாயித்துக்கிழமை சாயங்கால ஆட்டம். எல்லாருக்கும் முறுக்குக் குடுப்போம். அந்த எடத்துல மட்டுந்தான் கடிக்கணும். ஜனங்க ரசிச்சா போர்டு எறங்கும், அஞ்சாவது வாரமும் உன் கேன்டீன்தான். ஆளாளுக்கு நெனைச்ச எடத்துல கடிச்சுப் படத்தைக் கெடுத்தாங்கன்னா, திங்கக்கிழமை பேக்கரிக்காரர் வந்துருவார். இன்னும் என்னைச் சங்கடப்படுத்தாதம்மா."

பிச்சைக்கு விஷயம் தெரிந்தபோது அவர் தரையில் நிற்கவில்லை. பழைய எதுகையை அன்றே கைவிட்டார். மறுநாள் காலையில் ராஜகோபுரத்தின் அருகே புதியது பிறந்தது.

"அத்தை கடிச்சா நீங்களும் கடிங்க! அரங்கம் அதிரச் சேர்ந்து கடிங்க! ஞாயிறு மாலை, கமலவல்லியில், நான்காவது வாரச் சிறப்புக் காட்சி! படத்துக்குச் சத்தம் நீங்கதான்!"

இந்தத் தடவை அடிகள் எங்கும் இடிக்கவில்லை. புத்தூரிலும் உறையூரிலும் ஜனங்கள் ஆட்டோவை நிறுத்தி விவரம் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் டிக்கெட் எல்லாம் போனிலேயே விற்றுப்போயிற்று. வீட்டில் பானு அந்தச் செய்தியை உரக்கப் படித்தாள்.

"ஹவுஸ்ஃபுல்லாம்மா! அப்பா கலக்கிட்டாங்க."

"கெடுத்தவரே கட்டிக்குடுத்தா அது கடமைன்னு சொல்லு."

"அப்ப எப்பத்தான் பேசுவாளாம்?" என்று பிச்சை கேட்டார்.

"கேன்டீன் தப்பிச்சாப் பேசறேன்னு சொல்லுடி."

பிச்சை ஒலிபெருக்கியைத் துடைக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலையில்தான் வைதேஹி மாமி பால் வாங்கப் போகிற வழியில் கேன்டீனுக்குள் எட்டிப் பார்த்தாள். ரங்கநாயகி பச்சரிசியை ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். எள்ளும் சீரகமும் புடைத்து ஒருபக்கம் இருந்தன.

"இவ்வளவும் ஞாயித்துக்கெழமைக்கா?"

"ஆமாங்க மாமி. நீங்களும் வரீங்கல்ல?"

"டிக்கெட் வாங்கியாச்சு. எங்க வீதிலேயே பாதிப் பேர் வாங்கியிருக்கா." மாமி சற்றுத் தயங்கினாள். "ஆனா ஞாயித்துக்கெழமை ஏகாதசிடீ, ரங்கநாயகி!"

ரங்கநாயகியின் கை துணிமேலேயே நின்றுவிட்டது.

திருவரங்கத்தில் குடியிருந்துகொண்டு ஏகாதசியை மறந்தவர்கள் என்று எவரையும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பிச்சை மறந்தார், ரங்கநாயகி மறந்தாள், நாள்தோறும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தியேட்டர் திறக்கும் ரெங்கராஜும் மறந்தார். ஏகாதசியன்று கோவிலைச் சேர்ந்த குடும்பங்களில் அரிசி தொடமாட்டார்கள். முறுக்கோ அரிசி மாவு. அரங்கத்தில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மீதிப் பேர் கடிப்பதா? அதில் என்ன அதிர்வு, என்ன வேடிக்கை?

"எல்லாரும் சேந்து கடிச்சாத்தானே மாமி சத்தம்?" என்றாள் ரங்கநாயகி. "நாள மாத்தவும் முடியாது. டிக்கெட்டு வித்தாச்சு."

"பெருமாள் மாத்தினாத்தான் ஏகாதசி மாறும்."

கூரையின்மேல் இரண்டு தூற்றல் விழுந்து நின்றது. ரங்கநாயகி முசிறிக்காரி. கை வைத்த இடத்திலெல்லாம் வாழை இருக்கிற ஊர். இடைவேளைக்கு வாங்கி வைத்திருந்த வாழைப்பழச் சீப்பு ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்தாள்.

"மாமி, வாழக்கா ஆகுமா?"

"ஆகும். ஆத்துல அன்னிக்கு அதைத்தானே வறுக்கறோம்."

"அப்ப வறுவல் போட்டுர்றேன். மெலிசாச் சீவி, மொறுமொறுன்னு. அது முறுக்கவிடச் சத்தம் குடுக்கும் மாமி!"

மாமியின் முகம் மலர்ந்தது. உடனே அதிகாரமும் வந்துவிட்டது. "ஆனா, இந்த வாணலி கூடாது. புது வாணலி, புது எண்ணெய். அரிசி மாவுக் கை படப்படாது. நானே ஸ்நானம் பண்ணிட்டு வந்து நிக்கறேன். நான் பாத்தேன்னு சொன்னா எங்க வீதில எல்லாரும் சாப்பிடுவா."

ரங்கநாயகி தம்பி மாதவனுக்குப் போன் போட்டாள். அவன் முசிறியில் ஆற்றங்கரையை ஒட்டி வாழை போட்டிருந்தான்.

"மாதவா, நல்லா வெளஞ்ச மொந்தன் தாரு எத்தனை இருக்கு?"

"வேணுங்கறது இருக்குக்கா. ஏன், மாமா ஊரெல்லாம் எதையும் திங்காதீங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியறதா கேள்விப்பட்டேன்?"

"அது போன வாரம். இப்பக் கடிங்கன்னு சொல்றாரு. நாளைக்குக் காலையில வண்டி வரும், வெட்டி வையி."

"யாரு வர்றா?"

ரங்கநாயகி சற்றுத் தயங்கி, "ஆட்டோ வரும்" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் ஆட்டோ திரும்பி வந்தபோது, அதற்குள் பிச்சை இருப்பதே தெரியவில்லை. பின்னால் தார், பக்கத்தில் தார், மடியில் ஒரு தார். அவற்றின் நடுவே மைக்கைப் பிடித்த கை ஒன்று மட்டும் நீண்டிருந்தது. முசிறிக் கடைவீதியிலும், வழியில் கண்ட ஊர்களிலுமெல்லாம் அறிவிப்புச் செய்துகொண்டே வந்திருக்கிறார். டிக்கெட் தீர்ந்துபோன காட்சிக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்டால், ஐந்தாவது வாரத்துக்கு என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கிற்று. வைதேஹி மாமி ஈரத் தலையை முடிந்துகொண்டு, முக்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தாள். தோல் சீவுகிற வேலை பிச்சைக்கு வந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் தொடங்கியதால், வாழைக்காய்ப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்தது. ரங்கநாயகி ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஒன்றும் சொல்லாமல் தடவிக்கொண்டார். அவள் கை நீட்டினால் காயை வைத்தார். புருவத்தை உயர்த்தினால் அடுப்பைக் குறைத்தார். சீவற்பலகையைச் சட்டியின் வாய்மேல் பிடித்து அவள் காயைத் தேய்க்க, வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் நேரே எண்ணெயில் இறங்கி மிதந்தன. உப்பு நீரைத் தெளித்தபோது சட்டி சடசடவென்று பொரிந்து அடங்கிற்று.

பானு வாயிற்படியில் நின்று பார்த்தாள். "ரெண்டு பேரும் அப்படியே அந்தப் படத்துல வர்ற மாதிரியே இருக்கீங்க. மியூசிக் மட்டுந்தான் இல்ல."

"ஏன்டீ கொழந்தே, இவா ரெண்டு பேரும் பேசிக்கமாட்டாளா?" என்று மாமி வியந்தாள்.

"கேன்டீன் தப்பிச்சாத்தான் பேசுவாங்களாம், மாமி."

"அப்போ தப்பிச்சே ஆகணும். அடுத்த ஈடு போடுங்கோ!"

ஒரு பக்கம் முறுக்கு, ஒரு பக்கம் வறுவல். காகிதப் பொட்டலம் சரசரக்கும் என்று எண்ணி, ரங்கநாயகி எல்லாவற்றையும் வாழைச் சருகுத் தொன்னையில் நிரப்பினாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்த சருகு, கையில் எடுத்தால் பூனைபோல் சத்தமின்றி வந்தது.

சாயங்காலம் வானம் வெளுத்திருந்தது. காவிரிக் காற்று தியேட்டர் வாசல் வரை வந்தது. முசிறிப் பேருந்திலிருந்து இறங்கி, ரெங்கராஜ் வரிசைகளின் நடுவே போட்ட கூடுதல் நாற்காலிகளுக்கு டிக்கெட் வாங்கிய விவசாயிகள் மாதவனைத் தலைவனாகக் கொண்டு முறுக்குத் தொன்னை வாங்கினார்கள். நெற்றியில் திருமண் துலங்க வந்தவர்கள், வைதேஹி மாமியைக் கண்ணால் கேட்டுவிட்டு, அவள் தலையசைத்ததும் வறுவல் தொன்னையை வாங்கினார்கள். ரெங்கராஜ் பேக்கரிக்காரரையும் அழைத்து வந்திருந்தார். அந்த மனிதர் கேக்குப் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடுவரிசையில் அமர்ந்தார். ரங்கநாயகி அவரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எவனாவது ஒருவன் பசி தாங்காமல் முன்கூட்டிக் கடித்தால் போதும்.

படம் தொடங்கியது. அவள் கதவோரத்தில் நின்றாள். பிச்சை எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். வாழை சரிந்தது, சிரித்தார்கள். பெண்ணின் தாயார் அழுதாள், மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவர் கையும் தொன்னைக்குள் போகவில்லை. ஓரிடத்தில் எவரோ இருமியபோது பத்துப் பேர் திரும்பி, "கடிச்சிராத!" என்று கிசுகிசுத்தார்கள்.

சீர்த்தட்டுகள் வந்தன. இசை நின்றது.

அரங்கத்தில் அத்தனை கைகளும் மெல்ல உயர்ந்தன. திரையின் வெளிச்சத்தில் முறுக்குகளும் வறுவல் வில்லைகளும் வாயருகே காத்து நிற்பது தெரிந்தது. ரங்கநாயகி தன் மடியைத் தடவினாள். ஒரே ஒரு முறுக்கு. எதிரே பார்த்தாள். பிச்சையின் கைகள் வெறுமையாக இருந்தன. ஊர் முழுவதையும் கடிக்கச் சொன்னவர், தமக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

அத்தை முறுக்கை விளக்கொளியில் திருப்பினாள். ரங்கநாயகி நடைபாதையைக் கடந்து எதிர்ச் சுவருக்குப் போய், தன் முறுக்கைச் சத்தம் வராமல், சுற்றின் இணைப்பில் அழுத்திப் பிரித்துப் பாதியை அவர் கையில் வைத்தாள்.

அத்தை கடித்தாள்.

கமலவல்லி தியேட்டர் ஒரே வாயாகக் கடித்தது. ஆடி மழை முதன்முதலில் தகரக் கூரையில் இறங்கினாற்போல ஓர் ஓசை. அது அடங்குமுன் திரையில் பந்தி முழுவதும் கடித்தது. அரங்கமும் மறுபடி கடித்தது. பிறகு எது சிரிப்பு, எது கைதட்டல், எது கடிக்கிற சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. முன்வரிசையில் கோபு மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

"கேட்டுதுடீ! வைதேஹி, நேக்குக் கேட்டுது! காதுல இல்லடீ, தலைக்குள்ள கேட்டுது!"

"ஊருக்கே கேட்டுது. உக்காருங்கோ, மறைக்கறது!" என்றாள் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நடுவரிசையில் பேக்கரிக்காரர் கேக்குப் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த முசிறிக்காரரிடம் கை நீட்டிக்கொண்டிருந்தார். ரெங்கராஜ் அதைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். வாயிலில் பலகையைக் கழற்றுகிற ஓசை கேட்டது.

இருட்டில் ரங்கநாயகி தன் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயில் முறுக்கு இருந்தது; கண் நிறைந்திருந்தது.

"உப்பு சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

மேலூர்ச் சாலையிலிருந்து முசிறி வரையில் பேசித் தீர்க்கிற மனிதர், ஒரு சொல்லும் வராமல் தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்தாவது வாரம் பிறந்த காலையில், கழற்றிய பலகை கேன்டீனில் குப்புறக் கிடந்தது. அதன்மேல் முறுக்கு டின்கள் நின்றன. ரங்கநாயகி முதல் ஈட்டைச் சுட்டெடுத்துவிட்டு, முந்தானையில் நாலைந்தை முடிந்துகொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க வர்ற?" என்றார் பிச்சை.

"ஓட்டுங்க, சொல்றேன்."

வடக்கு உத்திர வீதியில் வண்டி நுழைந்தது. கோலம் உலர்ந்துகொண்டிருந்தது. மாடியில் ஒருத்தி புடைவை உலர்த்திக்கொண்டிருந்தாள். பிச்சை வண்டியை ஓரமாக நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அன்பார்ந்த ரசிகப்..."

"கொஞ்சம் சும்மா இருங்க" என்று ரங்கநாயகி மைக்கை வாங்கினாள். முந்தானையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, மைக்குக்கு மிக அருகே வைத்துக் கடித்தாள்.

கடக்!

வீதி முழுவதும் அது உருண்டோடிற்று. படுத்திருந்த பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. மாடியிலிருந்தவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தாள்.

"கமலவல்லியா? எத்தனாவது வாரம்?"

பிச்சை ஆவலோடு வாயைத் திறந்தார். ரங்கநாயகி சிரித்துக்கொண்டே, மீதி முறுக்கை அதற்குள் வைத்துவிட்டு, மைக்கை அவர் வாயருகே பிடித்தாள். அன்று அந்த வீதிக்கு அவர் சொன்ன விளம்பரம் அவ்வளவுதான்.